நெத்திலிக்கு மயக்கம் தெளிந்தபோது

காரப்பொடியைக் கொன்றது ஸ்வர்ணலதாதான் என்று அந்தத் தெருவில் ஒரு வருடமாகப் பேச்சு இருந்தது. பேசியவள் தேசம்மா.

மந்தைவெளியில் ஸ்வர்ணலதாவின் வீடு முதல் மாடியில். பால்கனிக்கு நேர் கீழே, தெருமுனையில், பலகை போட்டு மீன் விற்பவள் தேசம்மா. வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவாள். "அந்தத் துணிக்கடை அம்மாதான். நல்லாத் திரிஞ்சிக்கினு இருந்த பூனைய இட்டுக்கினு போயி, வயித்தக் கிழிச்சி சாவடிச்சிட்டுது." கேட்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஸ்வர்ணலதா துணி காயப்போடுவதை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அரை மணி நேரம் கழித்துக் கூடையோடு இறங்கி வந்து, அதே தேசம்மாவிடம் மீன் வாங்கிக்கொண்டு போவாள். ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை.

காரப்பொடி சாம்பல் நிறப் பெண் பூனை. தேசம்மாவின் கணவர் கங்காதரன் பட்டினப்பாக்கம் கரையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. பகலெல்லாம் பலகைக்கு அடியில் கிடக்கும். சாயங்காலம் கடை எடுத்தபின் ஸ்வர்ணலதாவின் மாடிப்படிக்கு வந்துவிடும். அவள் கணவர் முத்துகிருஷ்ணனுக்குத் தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் நைட்டிக் கடை. காலையில் போனால் ராத்திரி கடையைச் சாத்திவிட்டுத்தான் வருவார். மகள் சிந்து கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு ஸ்வர்ணலதாவுக்கு இருந்தது அந்தப் பூனைதான். ஆக, அது யாருடைய பூனை என்று கேட்டால் இரண்டு பேருமே தன்னுடையது என்று சொல்லியிருப்பார்கள்.

போன வருடம் ஆடியில் கங்காதரன் வலை பிரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்துபோனார். மார்கழியில், காரப்பொடி நாலாவது முறை குட்டி போட்டுத் தேய்ந்துபோயிருந்தபோது, ஸ்வர்ணலதா அதைக் கருத்தடை முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோனாள். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. பாதி மயக்கத்தில் இருந்த பூனையைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு தாளையும் கொடுத்தார்கள். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். படிக்கவில்லை.

அன்று வீட்டுக்குத் தேசம்மா பார்க்க வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. "நீ போயிக் குளிச்சிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஸ்வர்ணலதா குளித்துவிட்டு வந்தபோது பூனையின் தலை தேசம்மாவின் மடியில் இருந்தது. சங்கரா மீன் வேகவைத்த சாற்றைக் கரண்டியால் அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பசி உசுரு போவுது பாவம். எப்படி உள்ள போவுது பாரு" என்றாள். ஸ்வர்ணலதாவுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

மறுநாள் பூனையின் மூச்சில் ஒரு கறகறப்பு. அதற்கடுத்த நாள் அடையாறில் டாக்டர் ராகவேந்திரனின் மருத்துவமனை மேசையில் அது இறந்தது. "முழுசா முழிப்பு வர்றதுக்கு முன்னால வாயில எதையோ ஊத்தியிருக்காங்கம்மா. அப்ப விழுங்கத் தெரியாது. நுரையீரலுக்குள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். ஸ்வர்ணலதா வீட்டுக்கு வந்து கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். மூன்றாவது வரியிலேயே அது இருந்தது. தடித்த எழுத்தில், தமிழில்.

தேசம்மா வந்து கேட்டாள். "இன்னா ஆச்சும்மா? ஏன் பூட்ச்சி?"

கணவன் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தவள். அவர் தூக்கி வந்த பூனை. ஸ்வர்ணலதா, "ஆபரேஷன் அதுக்கு ஒத்துக்கலக்கா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் ஒரு வருடப் பேச்சும் எழுந்தது.

இந்த வருடம் ஐப்பசி மழையில், காரப்பொடியின் கடைசி ஈற்றுக் குட்டியான நெத்திலிக்கு உடம்பு கெட்டது. ஈன்றதில் அது ஒன்றுதான் பிழைத்தது, தாயில்லாமல் ஸ்வர்ணலதா பால் கொடுத்து வளர்த்தது. போட்ட மீனை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. பலகைக்கு அடியில் தேங்கிய தண்ணீரை விடாமல் நக்கியது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. ஸ்வர்ணலதா கூடையில் போட்டு அடையாறுக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த ராகவேந்திரன், "கர்ப்பப்பை முழுக்க சீழ். எடுத்தாகணும். ரெண்டு நாளுக்கு மேல தாங்காது" என்றார். மறுநாள் காலைக்கு நேரம் குறித்தார்.

திரும்பி வந்து, நெத்திலியை வழக்கம்போல் பலகைக்கு அடியில் விட்டுவிட்டுத் தேசம்மாவிடம் சொன்னபோது அவள் மீன் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"ஆத்தாளத் துண்ணது பத்தலியா ஒனக்கு? இதையுமா?"

அன்று சாயங்காலம் நெத்திலி மாடிப்படிக்கு வரவில்லை. காலையிலும் இல்லை. தேசம்மாவும் வரவில்லை. புயல் எச்சரிக்கை, கடலுக்கு யாரும் போகவில்லை என்று பக்கத்துப் பூக்காரி சொன்னாள். "பூனையக் கூடையில போட்டுத் தூக்கினு போச்சும்மா அது, நேத்தே."

ஸ்வர்ணலதா கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து, தேசம்மா குடியிருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குப் போனாள். குடியிருப்புப் பிளாக்குகளுக்கு இடையில் முழங்கால் வரை தண்ணீர். விசாரித்து விசாரித்து ஒரு பிளாக்கின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே நீல நிற மீன் டப்பாவுக்குள், பழைய லுங்கி ஒன்றின்மேல் நெத்திலி சுருண்டு கிடந்தது. அறை முழுக்க நாற்றம். பூனையின் பின்பக்கம் சீழால் நனைந்திருந்தது. தேசம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள், நிமிராமல்.

"அக்கா, இப்படியே விட்டா செத்துரும்க்கா."

"வெட்னாலும் சாவும். போன தபாவும் நல்லாயிடும்னுதான் சொன்ன."

"இந்தத் தடவை நீங்களும் வாங்க. டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நீங்க கூடவே இருங்க."

தேசம்மா துணியை மடித்து மறுபடி துடைத்தாள். பூனை லேசாக முனகியது. முனகுவதற்கும் அதற்குப் பலம் இல்லை.

"இது செத்துச்சுன்னா ஒன் வூட்டு வாசல்லியே படுத்துக்குவேன். சொல்லிட்டேன்" என்று எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

ஆட்டோவில் போகும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். மயக்கம் தெளிகிற வரை வாயில் எதுவும் போகக் கூடாது என்று ஒரு பொதுவான பேச்சாகவாவது. 'அப்ப போன தபா?' என்று தேசம்மா கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் அடையாறு பாலம் வந்தது, போனது. ஸ்வர்ணலதா வாயைத் திறக்கவில்லை.

அறுவை சிகிச்சை தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து ராகவேந்திரன் வெளியே வந்தார். நெத்திலி கூடையில் துண்டு சுற்றிக் கிடந்தது. "முடிஞ்சுது. உடம்பு ரொம்ப வீக்கா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் தாண்டணும்" என்றவர் தேசம்மாவைப் பார்த்தார். "நீங்கதான் பாத்துக்கப் போறீங்களா? கவனமாக் கேளுங்கம்மா. தரையிலதான் படுக்க வைக்கணும், கட்டில் மேல வேண்டாம், விழுந்துடும். குளிர் படக் கூடாது. வெளிச்சம், சத்தம் கூடாது. தானா எழுந்து நேரா நடக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில ஊத்தாதீங்க. போன வருஷம் இந்தம்மா கொண்டுவந்த பூனைக்கு யாரோ மீன் சாறு ஊத்திட்டாங்க. அதனாலதான் அது போச்சு. அந்த மாதிரி ஆகிடக் கூடாது."

யார் என்று அவருக்குத் தெரியாது. ஸ்வர்ணலதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேசம்மா, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். கூடையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வீடு வரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

சிந்துவின் அறையில் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் கம்பளி விரித்தாள் ஸ்வர்ணலதா. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பூனையின் முதுகுப் பக்கம் வைத்தாள். தேசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு. மழை நிற்கவே இல்லை.

"கண்ணு தொறந்தே கீது" என்றாள் ரொம்ப நேரம் கழித்து. "உசுரு கீதா?"

"இருக்குக்கா. மயக்கத்துல கண்ணு மூடாதாம். காயாம இருக்க மருந்து போட்டிருக்காங்க. வயித்தப் பாருங்க, ஏறி இறங்குது."

தேசம்மா குனிந்து பார்த்தாள். கட்டுப் போட்ட சின்ன வயிறு மெல்ல ஏறி, வெகு நேரம் யோசித்து இறங்கியது. அவள் தன் மூச்சையும் அதனோடு சேர்த்து இழுத்து விடுவதுபோல் இருந்தது.

அரை மணிக்கு ஒரு முறை ஸ்வர்ணலதா பூனையை இரண்டு கையாலும் ஏந்தி மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். வெளிர் ரோஜா நிறம், ரத்த ஓட்டம் இருந்தது. பரவாயில்லை. நாலு மணிக்கு ஒரு காது துடித்தது. பிறகு முன்கால். பிறகு தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், கம்பளியில் மோதிக்கொண்டு, இதுவரை யாரும் கேட்காத ஒரு குரலில் அழுதது.

"பசிக்குதோ" என்று தேசம்மாவின் வாய் தன்னால் சொன்னது. சொன்னதும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பூனையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டாக்டரு சொன்னாரே, யாரோ ஊத்துனாங்கன்னு. அது நான்தான?"

ஸ்வர்ணலதாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தது.

"ஆமாக்கா."

தேசம்மா எழுந்து பால்கனிப் பக்கம் போனாள். சாரல் அடித்தது, நகராமல் நின்றாள். கீழே அவளுடைய பலகை இருக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது.

"ஒரு வருசமா ஒன்ன வாய்க்கு வந்த மேனிக்குப் பேசினேன். நீ கேட்டுக்கினே மீன் வாங்கினு போன."

"அண்ணன் போயி அஞ்சு மாசந்தான் ஆகியிருந்துச்சு. உங்களுக்குத் தாங்காதுன்னு..."

"எனக்கு இன்னா தாங்கும், இன்னா தாங்காதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" குரல் உயரவில்லை. அதுதான் ஸ்வர்ணலதாவுக்குப் பயமாக இருந்தது. "பத்து வயசுல எங்க அப்பன அலை கொண்ணாந்து கரையில போட்டுச்சு. மூஞ்சே இல்ல. அரணாக்கயித்தப் பாத்து அடையாளம் சொன்னவ நானு. என்னப் பாத்து நீ பாவப்பட்டியா? அந்த ஏசுன ஏச்செல்லாம் நான் இப்ப எங்க கொண்டு போயிக் கொட்டுறது, சொல்லு?"

ஸ்வர்ணலதா வாயெடுப்பதற்குள் நெத்திலி ஓங்கரித்தது. உடம்பு முழுக்க ஒரு முறை வளைந்தது. வாயிலிருந்து நுரை நுரையாக மஞ்சள் நீர் வந்தது. தலை பின்பக்கம் சரிந்து கிடக்க, அந்த நீர் தொண்டைக்குள்ளேயே திரும்பப் போய்க்கொண்டிருந்தது. ஸ்வர்ணலதா, "ஐயோ" என்று உறைந்துபோனாள்.

தேசம்மா அதற்குள் முழங்காலிட்டுவிட்டாள். பூனையின் பின்பகுதியைத் தன் தொடைமேல் ஏற்றி, தலை தாழ்வாக இருக்கும்படி பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். நுரை வெளியே வடிந்தது. முந்தானை நுனியால் உதட்டோரத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். பூனை அரை மயக்கத்தில் அவள் பெருவிரலைக் கடித்தது. பல் இறங்கி ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"டாக்டருக்குப் போன் போடு" என்றாள்.

ராகவேந்திரன் கேட்டுவிட்டு, "தலையத் தாழ்த்திப் பிடிச்சதுதான் சரி. ஈறு என்ன கலர்? மூச்சு சத்தம் கேக்குதா?" என்றார். ஸ்வர்ணலதா பார்த்துச் சொன்னாள். நிறம் மாறவில்லை. சத்தம் இல்லை. "நல்லாப் பண்ணியிருக்கீங்க. கையில கடி பட்டிருந்தா சோப்புப் போட்டுக் கழுவிட்டு, இன்னிக்கே போயி ஊசி போடச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதை ஸ்வர்ணலதா சொன்னபோது தேசம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழையபடி சுவரோரம் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு நெத்திலி எழுந்து நின்றது. குடித்தவனைப்போல் இரண்டடி வைத்து உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி சாய்ந்தது. ஆறே முக்காலுக்கு அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராக நடந்து, சுவரை முகர்ந்து, திரும்பி வந்தது. ஸ்வர்ணலதாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. போனில் கேட்டாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம், வாந்தி எடுக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் சாப்பாடு என்றார் டாக்டர்.

சின்னத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தேசம்மாவிடம் நீட்டினாள். "நீங்க குடுங்கக்கா."

தேசம்மா தட்டையே பார்த்தாள்.

"வாணாம். என் கையால வாணாம். நீ வை."

"அக்கா, இப்ப நீங்கதான் அதக் காப்பாத்துனீங்க."

"நீ வைம்மா."

ஸ்வர்ணலதா தட்டைத் தரையில் வைத்தாள். நெத்திலி முகர்ந்தது, நக்கியது. தேசம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அது நின்றதும் எழுந்து, "ஊசி போட்டுக்கினு வூட்டுக்குப் போறேன்" என்று தூறலில் இறங்கிப் போனாள். குடை கொடுத்தும் வாங்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கடல் அடங்கியது. பலகை மறுபடி போடப்பட்டது. அன்று காலை ஸ்வர்ணலதா பால்கனியில் நிற்கும்போது கீழே தேசம்மாவின் குரல் கேட்டது. "காரப்பொடியக் கொன்னது அந்த அம்மா இல்ல. நான்தான். மயக்கத்துல கெடந்ததுக்குச் சாறு ஊத்தினேன், செத்துச்சு. அந்த அம்மாவப் பத்திச் சொன்னதெல்லாம் தப்பு." பூக்காரியிடம் சொன்னாள். கறிக்கடைக்காரரிடம் சொன்னாள். வருகிற வாடிக்கை ஒவ்வொன்றிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மீன் நறுக்கிக்கொண்டே அதே தட்டையான குரலில் சொன்னாள். பூனை செத்ததுக்கு இவ்வளவா என்று சிலர் சிரித்தார்கள்.

ஸ்வர்ணலதா இறங்கிப் போய், "போதும்க்கா, விடுங்க" என்றாள்.

"இன்னா மீன் வோணும்?" என்று கேட்டாள் தேசம்மா.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் மீன் வாங்குகிற பேச்சு மட்டும்தான். திட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவள் தன்னிடம் இன்னும் நெருக்கமாக இருந்தாள் என்று ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். கூப்பிட்டபோது தேசம்மா மறுக்கவில்லை. மேசைமேல் நெத்திலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காயம் நன்றாக ஆறியிருந்தது. திரும்பும் வழியில், கிரீன்வேஸ் சாலை நெரிசலில் ஆட்டோ நின்றபோது, ஸ்வர்ணலதா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இன்னொன்னு இருக்கு. முகாம்ல எனக்கு ஒரு தாள் குடுத்தாங்க. சாப்பாடு, தண்ணி எதுவும் குடுக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. நான் படிக்கல. மடிச்சுப் பையில போட்டுட்டேன். படிச்சிருந்தா உங்ககிட்டச் சொல்லியிருப்பேன். உங்களுக்காக மட்டும் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கல. சொன்னா இதையும் சொல்ல வேண்டியிருக்குமேன்னும்தான்."

தேசம்மா கூடைக்குள் இருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரெண்டு பேருமாத்தான் கொன்னுகீறோம்."

"ஆமாக்கா."

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து அழுதிருக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப அழுகையும் வர்ல" என்றாள்.

பட்டினப்பாக்கம் திரும்பும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கூடையை ஸ்வர்ணலதாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஈரத்துல வுடாத" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

தை பிறந்ததும் அவளுக்குக் கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டு மீன் அங்காடியில் இடம் கிடைத்தது. தெருமுனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அந்த இடத்தில் இப்போது ஒருவர் இளநீர் விற்கிறார். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வர்ணலதா அங்காடிக்குப் போனாள். கூட்டத்தில் முறை வருவதற்கு நேரமாயிற்று. தேசம்மா அவளைப் பார்த்ததும் ஒரு கணம் கத்தியை நிறுத்தினாள்.

"நெத்திலி நல்லாத் துண்ணுதா?"

"சாப்பிடுதுக்கா."

"சரி" என்றாள் தேசம்மா. மீனை நிறுத்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்து நின்றவரைப் பார்த்து, "ஒனக்கு இன்னாப்பா?" என்று கேட்டாள்.